கம்பளிச் சித்தருக்குக் குளிர்ந்தது உண்மை

எங்கள் சுவடி நிலையத்துக்கு இப்போது ஒரு மென்பொருள் வந்திருக்கிறது. ஒரே நூலின் ஐந்து பிரதிகளைப் படம் பிடித்து உள்ளே போட்டால், அங்கே வேலை செய்யும் சுகந்தி ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் எங்கெங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று சிவப்பு, மஞ்சள், பச்சையில் காட்டிவிடுகிறது. அது பயப்படுவதே இல்லை. அந்த ஒரு குறையைத் தவிர மற்றபடி நல்ல ஊழியர்தான்.

ஓய்வு பெற்ற பிறகும் நான் அவ்வப்போது ஹட்டனில் இருக்கும் நிலையத்துக்கு வந்து, என் பழைய நாற்காலி இன்னும் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவேன். அப்படி வந்த ஒரு நாளில் சுகந்தி கேட்டாள்.

"அண்ணே, இதெல்லாம் இல்லாத காலத்துல நீங்க எப்பிடிச் செஞ்சீங்க?"

"பயந்து பயந்து செஞ்சேன் தங்கச்சி."

"அத எழுதித் தாங்க. ஆண்டு மலர்ல போடுவோம். நீங்க கையால எழுதுங்க, நான் ஒரு எழுத்து மாத்தாம டைப் பண்றேன்."

ஒரு எழுத்து மாற்றாமல் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் வந்துவிடும். அந்த வாக்கியத்தை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்கு இத்தனை வருடம் சம்பளம் கொடுத்தார்கள். பழைய சமய நூலோ தத்துவ நூலோ எதுவும் அதை எழுதியவர் கையால் நம்மிடம் வந்து சேரவில்லை. ஒருவர் பார்த்து எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதி, அதை மழையும் பூச்சியும் தின்பதற்குள் மூன்றாமவர் பார்த்து எழுதி, அப்படியே வந்தவை. அந்த வரிசையில் யார் தூங்கி வழிந்தார், யார் ஒரு வரியைத் தாண்டினார், யார் தன் சொந்த அறிவை இலவசமாகக் கலந்தார் என்று கண்டுபிடித்து, இந்தப் பிரதியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்வதுதான் எங்கள் வேலை. மற்றவர்களுடைய பிழைகளில் வாழ்ந்த மனிதன் நான்.

என் பயத்தைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் பாதி வேலையை அதுதான் பார்த்தது. ஹட்டன் குளிரில் வியர்க்கிற ஒரே ஆள் நான். பயம் வந்துவிட்டால் எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் "ஆமாங்க" என்று சொல்லிவிடுவேன். ஒரு தடவை ஹட்டன் ஸ்டேஷனில் ஒருவர் "நீங்க அந்தக் கல்யாண வீட்டு சமையல்காரர்தானே" என்று அதட்டிக் கேட்டார். ஆமாங்க என்றேன். கண்டி வரைக்கும் அவருக்கு வட்டிலப்பம் செய்யும் முறையைச் சொல்லிக்கொண்டே போனேன். எனக்கு முட்டை அவிக்கத் தெரியாது.

நான் படித்து இந்த வேலைக்கு வரவில்லை. ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கல்யாணக் கார்டில் மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மாமனார் பெயர் ஏறிவிடாமல் தடுத்ததே என் கல்வித் தகுதி. நிலையம் அப்போது ஒரு சீமெந்துக் கடையின் மேல்மாடியில் இருந்தது. கீழே மூட்டை இறக்கும்போதெல்லாம் மேலே ஏடுகள் தும்மும். மலைநாட்டு ஈரத்தில் ஓலை பூஞ்சணம் பிடித்துவிடும் என்று அலுமாரிக்குள் ஒரு மஞ்சள் பல்பை எரியவிட்டு, எலுமிச்சம்புல் எண்ணெய் தடவி, குழந்தை வளர்ப்பதுபோல வைத்திருந்தோம். எங்கள் வீட்டில்கூட அந்த அலுமாரி அளவுக்குக் கதகதப்பான இடம் கிடையாது. மழைநாளில் நான் மதியச் சாப்பாட்டை அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன்.

எங்கள் பொறுப்பாளர் செல்வநாயகி மிஸ். என்னைவிட வயதில் இளையவர், ஆனால் அவர் முன்னால் நின்றால் எனக்கு நாலாம் வகுப்பு ஞாபகம் வரும். கத்த மாட்டார், திட்ட மாட்டார். நாம் ஏதாவது கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளிக்கொண்டு போனால், கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"யாரப் பாத்து எழுதினாங்க?"

அவ்வளவுதான். துள்ளல் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

ஒப்புப் பார்க்கும் முறை இது. ஒருவர் ஒரு பிரதியை வாய்விட்டு, அர்த்தத்தை யோசிக்காமல், எழுத்து எழுத்தாக வாசிப்பார். இன்னொருவர் மற்றப் பிரதியில் விரலை வைத்துக்கொண்டே வருவார். மாறும் இடத்தில் "நில்" என்பார். நான் வாசித்தால் மிஸ் விரல் வைப்பார். அர்த்தத்தை யோசிக்காமல் வாசிப்பதில் நிலையத்திலேயே நான்தான் கெட்டிக்காரன் என்று அவரே ஒரு வருடாந்த அறிக்கையில் எழுதியிருக்கிறார். அதைப் பாராட்டு என்றுதான் இன்றுவரை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆரம்பத்தில் தலவாக்கலையிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் ஒரு பிரதி கொண்டுவந்தார். முத்து முத்தான எழுத்து. ஒரு சந்திகூடப் பிசகவில்லை, ஒரு தளைகூடத் தட்டவில்லை. நான் மிஸ்ஸிடம் ஓடினேன்.

"மிஸ், இதுல ஒரு பிழைகூட இல்ல."

கண்ணாடி கழன்றது, துடைபட்டது, ஏறியது.

"அப்ப நம்பாதீங்க."

அப்புறம் விசாரித்தால், அதிபர் தனக்குப் பிடிபடாத இடங்களை எல்லாம் தானே "சரி" செய்திருந்தார். அர்த்தம் தெரிந்தவர் பார்த்து எழுதினால் அவருடைய அர்த்தமும் கூடவே வந்துவிடும். தெரியாதவர் பார்த்து எழுதினால் ஓலையில் இருந்தது மட்டும் வரும், பூச்சி அரித்த இடத்துக்கு ஒரு கோடும் வரும். எங்கள் தொழிலில் அறிவாளிகளைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். அந்த வகையில் நான் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவன்.

இனி மேமலைத் தேயிலைத் தோட்டத்து விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தின் உண்மைப் பெயர் வேறு. நோர்வூட்டிலிருந்து மேலே ஏறினால், பஸ் மூச்சு வாங்கி நிற்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலின் பெயரையும் வேண்டுமென்றே விடுகிறேன். பெயரைப் போட்டால் இரண்டு சபைகள் எனக்கு எதிராகக் கூட்டம் போடும். உயிரைப் பற்றியும், அதைக் கட்டியிருக்கும் கயிற்றைப் பற்றியும், அதை அவிழ்க்கிற கடவுளைப் பற்றியும் பேசும் ஒரு பழைய சைவ தத்துவ நூல். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து இங்கே வந்த முதல் ஆட்களோடு ஒரு ஓலைக்கட்டாக வந்தது. ஓலை போய்விட்டது. காகிதக் கொப்பியிலிருந்து கொப்பிக்குப் பார்த்து எழுதிய பிரதிகள்தான் மிச்சம்.

அந்தத் தோட்டத்துக் கோயில் தலைவர் முத்துலிங்கம், மைக் இல்லாமல் பேசினாலும் மைக் இருக்கிற மாதிரியே பேசுவார். அவர் ஒரு நாள் சிவப்புப் பட்டில் ஐந்து கொப்பிகளைக் கட்டி, தலையில் வைத்துச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி வந்தார். பின்னால் இரண்டு பேர் சங்கு ஊதாத குறை.

"மாஸ்டர், அஞ்சு தோட்டத்து ஏடு. அஞ்சும் அச்சு அசல் ஒண்ணு. கோர்ட்டுல கூட ரெண்டு சாட்சி போதும், நாங்க அஞ்சு கொண்டாந்திருக்கோம்."

"ஆமாங்க."

"அஞ்சுலயும் கடைசியில நம்ம கம்பளிச் சித்தர் பாட்டு இருக்கு. அப்ப அது ஆதியிலிருந்தே உள்ளதுதானே?"

"ஆமாங்க."

"அத எழுதி, நிலையத்து சீல் குத்திக் குடுங்க. கும்பாபிஷேகத்துக்குப் புத்தகம் அடிக்கிறோம். முதல் பக்கத்துல போடணும்."

நான் சீலை எடுக்கவே கையை நீட்டிவிட்டேன். உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"யாரப் பாத்து எழுதினாங்க?"

தலைவர் கொஞ்சமும் அசரவில்லை. "சித்தரு சிவனப் பாத்து எழுதினாருங்க மிஸ்."

"அது சரி. அதுக்குப் பெறகு?"

தலைவர் பட்டுக் கட்டை மேசைமேல் இறக்கி வைத்தார். கொப்பிகள் எங்களிடம் தங்கின.

அந்தக் கடைசிப் பாட்டை இங்கே தருகிறேன்.

கையும் விறைத்தது கண்ணும் மங்கிற்று
மையும் உறைந்தது மலைக்குளிர் தாங்கேன்
பிழைகள் இருப்பின் பெரியோர் பொறுப்பீர்
கம்பளி ஒன்று கருணைசெய் வீரே.

இந்த நாலு வரியை வைத்துத்தான் அங்கே ஒரு சித்தர் உருவாகியிருந்தார். கோயிலுக்குப் பின்னால் ஒரு கல், அதற்கு மேல் ஒரு தகரக் கூரை, சுவரில் நீண்ட தாடியோடு ஒரு படம். வருடா வருடம் குருபூசை. கொழும்பிலிருந்து வந்த ஒரு பேச்சாளர் இந்தப் பாட்டுக்கு மட்டும் ஒரு முழுப் பகலும் பொருள் சொன்னாராம். கை என்றால் கிரியை, கண் என்றால் ஞானம், மை என்றால் ஆணவ இருள், மலைக்குளிர் என்றால் பிறவி, கம்பளி என்றால் உயிரைப் போர்த்துகிற திருவருள். அவர் பேசி முடித்தபோது அவருக்கே ஒரு கம்பளி தேவைப்பட்டதாகக் கேள்வி.

ஆனால் குருபூசையில் இன்னொன்றும் நடந்தது. சித்தர் கம்பளி கேட்டார் என்பதால், கொழும்பிலும் கண்டியிலும் இருக்கிற வசதியானவர்கள் அவர் பெயரில் கம்பளி கொடுத்தார்கள். வேலையை விட்டு நின்றுபோன வயதான ஆட்களுக்கு, தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் போய்ப் போர்த்திவிடுவார்கள். நோர்வூட்டில் துணிக்கடை வைத்திருக்கும் பாரூக் நானாதான் கம்பளியைத் தருவித்துக் கொடுப்பவர். சித்தர் உண்டா இல்லையா என்று நான் எழுதப்போகிற ஒரு தாளில் அத்தனை பேருடைய முதுகும் தொங்கிக்கொண்டிருந்தது. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே காய்ச்சல் லீவு போட்டிருப்பேன்.

மிஸ் என்னை மேமலைக்கு அனுப்பினார். "கொப்பிய மட்டும் பாத்தா போதாது. அவங்க எப்பிடி வாசிக்கிறாங்கன்னு கேட்டுட்டு வாங்க. கேட்டத அப்பிடியே குறிங்க. உங்க கருத்து வேணாம்."

"எனக்குக் கருத்து கிடையாது மிஸ்."

"அதனாலதான் உங்கள அனுப்புறேன்."

குருபூசை நாளன்று போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஒருவர் என் பையை வாங்கிக்கொண்டார். வீராசாமி அண்ணன், தேயிலை ஃபெக்டரியில் கொழுந்தைச் சூடுகாட்டி வாட்டுகிற மாடியில் வேலை செய்து ஓய்ந்தவர். ஆயுள் பூராவும் சூட்டில் வேலை செய்துவிட்டு, மிச்ச ஆயுளைக் குளிரில் கழிக்கிற மனிதர். தோளில் போன வருடத்துச் சித்தர் கம்பளி, அதில் ஒரு ஓரம் அடுப்பில் கருகியிருந்தது.

"மாஸ்டர், சித்தரு உண்மையான்னு பாக்க வந்த ஆளு நீங்களா?"

"ஆமாங்க."

"பாத்து எழுதுங்க. எங்க லயத்துல தகரம் எல்லாம் சல்லடை. மேல இருந்து நட்சத்திரம் தெரியும். நாங்க ஜோசியம் பாக்க வெளிய போறதே இல்ல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு இந்தப் பாட்டுல வர்ற கிரியை, ஞானம் எல்லாம் தெரியாது. கம்பளின்னா கம்பளி. இது போச்சுன்னா எங்க கதி அவ்வளவுதான். கீழ்வீட்டு செபமாலை அக்காவுக்கு நெஞ்சுச் சளி. போன வருஷம் இது வந்ததுனால தப்பிச்சுது."

முதுகில் வியர்வை இறங்க ஆரம்பித்தது.

வாசிப்புத் தொடங்கியது. ஆணும் பெண்ணுமாக மண்டபம் நிறைந்த கூட்டம், கொப்பியைப் பார்த்தும் பாராமலும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நூலைத் தொடங்கினால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் எதையும் விடக் கூடாது, எதையும் கூட்டக் கூடாது. விட்டால் முதலிலிருந்து. ஒருமுறை ஒருவர் இருமியதை நூலில் உள்ளதா இல்லையா என்று விவாதித்து, முதலிலிருந்து தொடங்கினார்களாம்.

எனக்கு ஒன்று விசித்திரமாகப் பட்டது. ஒரு வரி போய்க்கொண்டிருக்கும், நட்டநடுவில், ஒரு சொல்லின் பாதியில், மண்டபமே சட்டென்று நிற்கும். ஒரு மூச்சு நேரம் அமைதி. அப்புறம் மிச்சப் பாதிச் சொல்லைச் சொல்லித் தொடர்வார்கள். "கடவு" என்று சொல்லி நின்று, "ளே" என்று முடிப்பார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் ஏன் என்று கேட்டேன்.

"அது மௌனம் மாஸ்டர். மூச்ச உள்ளுக்கு நிறுத்துறது. சித்தருங்க வச்ச ஏற்பாடு."

கொப்பிகளிலும் அதே இடங்களில் சொல்லுக்கு நடுவே வெற்றிடம் இருந்தது. பேனா மை வற்றியிருக்கும் என்று குறித்து வைத்திருந்தேன். ஐந்து பேருடைய பேனாவும் ஒரே சொல்லின் ஒரே பாதியில் வற்றுமா என்று யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதுதான் என் தகுதி என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

மிஸ் சொன்னபடி, நிற்கும் இடத்தில் எல்லாம் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் கம்பளிப் பாட்டு வந்தது. எல்லோரும் எழுந்து நின்று, கண்ணை மூடி, நாலு வரியையும் ஒரே ஓட்டமாகச் சொல்லி முடித்தார்கள். என் பென்சில் காத்துக்கொண்டே இருந்தது. ஒரு இடத்தில்கூட அவர்கள் நிற்கவில்லை. அதுதான் சித்தர் வாக்கின் மகிமை, அங்கே மூச்சுக்கே தடை கிடையாது என்று பக்கத்து ஆள் விளக்கினார்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"நிலையத்திலிருந்து வந்திருக்கும் ஆராய்ச்சி அறிஞர் மாஸ்டர் அவர்கள், நம் சித்தரைப் பற்றிய உண்மையை இப்போது அறிவிப்பார்கள்."

மண்டபம் முழுக்கக் கண்கள். முன்வரிசையில் வீராசாமி அண்ணன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். சித்தர் உண்மை என்றால் மிஸ் கண்ணாடியைக் கழற்றுவார். பொய் என்றால் என்னைச் சப்பரத்தில் வைத்துக் கீழே உருட்டுவார்கள். பாட்டை மனதுக்குள் ஓட்டினேன். அதில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று தேடினேன்.

"சித்தருக்குக் குளிர்ந்தது உண்மை," என்றேன்.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். என் உத்தியோக வாழ்க்கையில் முழுக்க முழுக்கச் சரியான ஆராய்ச்சி முடிவு அது ஒன்றுதான், அதுவும் பயத்தில் வந்தது.

மறுநாள் நிலையத்தில் கோடு போட்ட தாளை மிஸ் முன்னால் வைத்தேன். அவர் நான் போட்ட கோடுகளுக்கு நடுவில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ணத் தொடங்கினார். அநேகமாக எல்லாம் ஒரே அளவு. ஒரே தூரத்தில் நிற்பு, மறுபடி அதே தூரத்தில் நிற்பு. அலுமாரியைத் திறந்து, வேறொரு நூலின் ஓலை ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நடுவுல என்னா இருக்கு?"

"ஓட்டை இருக்கு மிஸ். கயிறு கோக்குற ஓட்டை."

"எழுதுன ஆளு அங்க என்னா செஞ்சிருக்காரு?"

ஓட்டையைச் சுற்றி இடம் விட்டுத் தாண்டி எழுதியிருந்தார். சொல்லில் பாதி ஓட்டைக்கு இந்தப் பக்கம், மிச்சப் பாதி அந்தப் பக்கம்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மேமலையில் முதல் முதலாக ஓலையைப் பார்த்துக் காகிதத்தில் எழுதிய ஆள், காகிதத்தில் ஓட்டையே இல்லாவிட்டாலும், ஓலையில் விட்டிருந்த இடத்தையும் விட்டு எழுதியிருக்கிறார். அவரைப் பார்த்து எழுதியவர்களும் அந்த வெற்றிடத்தை விட்டிருக்கிறார்கள். பார்த்து வாசித்தவர்கள் வெற்றிடத்தில் வாயை மூடியிருக்கிறார்கள். ஒரு ஓலை ஓட்டைக்காக ஒரு தோட்டமே தலைமுறை தலைமுறையாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

"அஞ்சு கொப்பியிலயும் இதே இடத்துல வெற்றிடம். அப்ப அஞ்சு சாட்சி இல்ல மாஸ்டர். ஒரே தாயோட அஞ்சு புள்ளைங்க," என்றார் மிஸ். "சரி, கடைசிப் பாட்டுல எங்க நின்னாங்க?"

"எங்கயும் நிக்கல மிஸ்."

கீழே சீமெந்து மூட்டை ஒன்று விழுந்தது.

"அப்ப அது ஓலையில இல்ல," என்றார். "காகிதத்துல பொறந்தது. பாத்து எழுதி முடிச்ச ஆளு, கடைசியில தன் குறிப்ப எழுதியிருக்காரு. எல்லாரும் எழுதுறதுதானே. பிழை இருந்தா பொறுத்துக்குங்கன்னு. இவரு கூடவே குளிருது, ஒரு கம்பளி குடுங்கன்னும் கேட்டிருக்காரு. அடுத்து எழுதுன ஆளு எதையும் விடக் கூடாதுன்னு அதையும் சேத்து எழுதிட்டாரு."

சித்தர் என் கண் முன்னாலேயே தாடியைக் கழற்றி வைத்துவிட்டு, லயத்து வாசலில் குந்தி, கையை ஊதிக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த வாரமே பாரூக் நானா டெலிபோனில் கூப்பிட்டார்.

"மாஸ்டர், சித்தர் இருக்காரா, இல்லையா? சொல்லிட்டீங்கன்னா நல்லம். அடுத்த வருஷத்துக் கம்பளி ஓடருக்குப் புறக்கோட்டை மொத்தக் கடைக்காரன் நெருக்குறான்."

"ஆமாங்க நானா."

"ஆமான்னா எது? இருக்காரா?"

"குளிருதுங்க நானா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அறிக்கையை நானே எழுதுகிறேன் என்று மிஸ்ஸிடம் கெஞ்சி வாங்கினேன். "மேற்படி பாடலின் தோற்றம் குறித்து மேலும் ஆய்வு தேவை" என்று முடித்தேன். யாரையும் கோபப்படுத்தாத, யாருக்கும் உதவாத, உலகத்திலேயே பத்திரமான வாக்கியம். மிஸ் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை.

"அவங்க இத்தன தலைமுறையா ஒரு வெற்றிடத்தக்கூட மறைக்காம பாத்து எழுதியிருக்காங்க. நாம தெரிஞ்சத மறைச்சு எழுதுவமா?"

"மிஸ், கம்பளி நின்னுபோயிடும். செபமாலை அக்கான்னு ஒருத்தங்களுக்கு நெஞ்சுச் சளி."

அவர் அறிக்கையை மடித்து ஓரமாக வைத்தார். அப்புறம் குடையை எடுத்தார். "அப்ப நம்ம நேர்ல போய்ச் சொல்லுவோம். தபால்ல அனுப்புற விஷயம் இல்ல இது."

மண்டபத்தில் மறுபடியும் அதே கூட்டம். நான் கதவுக்குப் பக்கத்தில், ஓடுவதற்கு வசதியான இடத்தில் நின்றேன். பாரூக் நானாவும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மிஸ் மைக்கை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, ஓலையைக் கையில் பிடித்து ஓட்டையைக் காட்டி, ஒவ்வொன்றாகச் சொன்னார். ஓட்டைக்காக நின்றது, கடைசிப் பாட்டில் நிற்காதது, எழுதியவர் குறிப்பு.

தலைவர் எழுந்தார். "அப்ப எங்க ஆளுங்க பிழையா எழுதிட்டாங்கன்னு சொல்ல வந்தீங்களா?"

"இல்ல தலைவர். நல்லா எழுதியிருக்காங்கன்னு சொல்ல வந்தேன். ஓட்டையைக்கூட விடல. நூல்ல இல்லாத ஒரு கம்பளியையே விடாம எழுதுன ஆளுங்க, நூல்ல இருந்த எழுத்தையா விட்டிருப்பாங்க? இந்தப் பிரதிய நம்பலாம்னு நான் கையெழுத்துப் போட்டுத் தாறேன். கடைசி நாலு வரி மட்டும் அந்த நூலு இல்ல."

தலைவருக்கு நம்பலாம் என்ற வார்த்தை பிடித்தது, மிச்சம் பிடிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"மிஸ், உங்களுக்குத் தெரியாது. சித்தருக்குன்னா கொழும்புக்காரங்க குடுப்பாங்க. லயத்து ஆளுக்குக் குளிருதுன்னு சொன்னா யாரு குடுப்பா? எங்களுக்குக் குளிருறது எல்லாருக்கும் எப்பவும் தெரிஞ்சதுதானே."

அந்த மண்டபம் மௌனத்துக்குப் பழகின மண்டபம், ஆனால் இது வேறு மாதிரி மௌனம்.

முன்வரிசையிலிருந்து வீராசாமி அண்ணன் கையைத் தூக்கினார்.

"ஒரு சந்தேகம் மிஸ். அந்த ஆளுக்குக் கம்பளி கெடச்சுதா?"

"கொப்பியில இல்லீங்க."

"தேடிப் பாத்தீங்களா?"

"பாத்தோம். கேட்டது மட்டுந்தான் இருக்கு. குடுத்ததா ஒரு வரியும் இல்ல."

அண்ணன் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "அப்ப நாம வருஷா வருஷம் எழுந்து நின்னு, கண்ண மூடி, அந்த மனுஷன் கேட்டதத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கோம். அந்த ஆளுக்கு மட்டும் யாரும் குடுக்கல." தோளிலிருந்த கம்பளியை எடுத்து மடித்தார். "மொதல்ல அவருக்குப் போத்துங்கப்பா. பெறகு மத்தவங்களப் பாக்கலாம். ஆனா எனக்கு வேற ஒண்ணு வேணும், இப்பவே சொல்லிட்டேன்."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். எழுந்து வெளியே போய், தகரக் கூரைக்குக் கீழே இருந்த அந்தக் கல்லுக்கு, ஓரம் கருகின கம்பளியை வீராசாமி அண்ணனே போர்த்திவிட்டார். பாரூக் நானா என் காதில், "மாஸ்டர், எனக்கு சித்தரும் தெரியாது, ஏடும் தெரியாது. போன வருஷத்து ஓடரையே போடுறேன். கொழும்புக்காரங்க தராட்டி என் கடைக் கணக்குல வச்சுப் பாத்துக்குவோம்," என்றார். தலைவர் அதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டார். இதைத்தான் தான் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வந்ததாகவும், உழைத்தவனுக்குப் போர்த்துவதே உண்மையான சைவம் என்றும் அறிவித்தார். கைதட்டல் கூரையைத் தூக்கியது. எனக்குக் கிடைத்ததைவிடக் கொஞ்சம் குறைவு என்பதைப் பொறாமையில்லாமல் பதிவு செய்கிறேன்.

கொழும்புக்காரர்களில் சிலர் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். பேச்சாளர் மேமலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். கம்பளி மட்டும் நிற்கவில்லை. ஒரு வருடம் மெல்லிசாக வந்தது, நானா அடுத்த வருடம் மன்னிப்புக் கேட்டுத் தடிப்பாகக் கொண்டுவந்தார். செபமாலை அக்கா இன்னும் இருமுகிறார், இன்னும் இருக்கிறார். புத்தகத்தில் நூல் முடிந்து, ஒரு கோடு போட்டு, கீழே சின்ன எழுத்தில் "பார்த்து எழுதியவர் குறிப்பு" என்று அந்த நாலு வரி இருக்கிறது. வாசிக்கும்போது இப்போதும் ஓட்டை வரும் இடத்தில் எல்லாம் நிற்கிறார்கள். இனி நிற்கத் தேவையில்லையே என்று தலைவரிடம் கேட்டேன். "பழகிப்போச்சு மாஸ்டர், மூச்சு வாங்க வசதியாவும் இருக்கு," என்றார்.

நான் ஓய்வு பெற்ற அன்று மேமலையிலிருந்து ஆள் வந்து எனக்கும் ஒரு கம்பளி போர்த்தினார்கள். அதைப் போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். யாரைப் பார்த்து எழுதினேன் என்று மிஸ் கேட்டால், யாரையும் பார்த்து எழுதவில்லை, எல்லாப் பிழையும் என்னுடையதே. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுகந்தி தங்கச்சி, கட்டுரை இதோடு முடிந்தது. இது உனக்கு மட்டும். விரல் விறைத்துவிட்டது, நாளைக்கு இதை வாங்க வரும்போது எனக்கு ஃபிளாஸ்கில் சூடாக இஞ்சித் தேத்தண்ணி கொண்டு வா. இதைத் தவறிப்போய் டைப் பண்ணிவிடாதே.